இடது கால் வண்டி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷமாகத் தோல் வெட்டுகிறேன். நான் இருப்பது மாதிரி ஷூ செய்து பார்க்கிற சாம்பிள் ரூம். அங்கே மெஷின் கிடையாது. அட்டையைத் தோல்மேல் வைத்து, கத்தியால் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டி முடித்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தரம். முதலாவது வலது காலுக்கு, அடுத்தது இடது காலுக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கத்தியைக் கொடுத்தாலும் நான் ஜோடியாகத்தான் வெட்டுவேன். என்னிடம் வேலை சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பச்சையப்பன் இதை யோசித்திருக்க வேண்டும்.

அவருக்கு இருபத்திரண்டு வருஷம் பட்டாளம். சுடுகிற வேலை இல்லை, மீட்பு வேலை. டாங்கியோ லாரியோ சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொண்டால் போய் இழுத்து வருகிற பிரிவு. பென்ஷனோடு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் அவருடைய லீவு நாட்களில்தான். மகள் நிஷாவும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒரே வீட்டில் முழுசாக இருக்க ஆரம்பித்தபோது எங்களுக்குள் பேச விஷயமே இல்லை. "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதோடு பொழுது சாய்ந்துவிடும்.

அப்போதுதான் அவருக்கு அந்த வண்டி ஆசை வந்தது. அவர் பயிற்சி எடுத்த இடத்தின் வாசலில் இரண்டாம் உலகப் போர்க்கால மீட்பு வண்டி ஒன்று நின்றிருந்ததாம். அதைப் பத்தில் ஒரு பங்காகச் செய்து, ரிமோட்டில் ஓட்ட வேண்டும். அதற்குக் கடையில் செட் கிடைக்காது. சக்கரத்திலிருந்து மூடிவரை எல்லாம் நாமே செய்ய வேண்டும். படத்தை விரித்துக் காட்டினார். பார்க்க டாங்கி மாதிரியே பீரங்கியோடு இருந்தது.

"இது சுடுமா?" என்றேன்.

"சுடாது. இழுக்கும். அது பொய்ப் பீரங்கி. எதிரி பார்த்தா பயப்படணும், அவ்ளோதான்."

"உங்க மீசை மாதிரி."

சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

வண்டிச் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பட்டைக்கு ஒரு பக்கத்துக்கு எழுபத்தொன்பது துண்டு ரப்பர் வேண்டும் என்றார். ஷூ அடிப்பாகத்துக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டில் எழுபத்தொன்பது ஜோடி வெட்டிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, "இன்னா கை பாக்யா இது!" என்று மெச்சினார். அந்தச் சந்தோஷத்தில், வண்டி உடம்புக்கான அட்டைகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார். நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒன்று விடாமல் வெட்டி முடித்தேன்.

தரையில் பரப்பி வைத்துப் பார்த்தவர் முகம் மாறியது. எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு கூரை, இரண்டு அடித்தளம், பீரங்கி மாட்டுகிற கோபுரம் இரண்டு. அதிலும் இரண்டாவதெல்லாம் திருப்பிப் போட்டு வெட்டியவை. டிரைவர் உட்கார்கிற ஓட்டை இடதுபக்கம் இருப்பதற்குப் பதில் வலதுபக்கம் இருந்தது.

"இன்னா இது? வண்டி ஒண்ணுதானே! ஷீட்டெல்லாம் வேஸ்ட்."

பழக்க தோஷம் என்று நான் சிரித்திருப்பேன். ஆனால் சாம்பிள் ரூமில் இத்தனை வருஷத்தில் யாரும் என் கைவேலையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது. சுவரில் மாட்டியிருந்த அவருடைய பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினேன். பனியில் கவிழ்ந்த லாரியை மீட்டதற்காகக் கொடுத்தது. வாராவாரம் அதைத் துடைப்பவள் நான்.

"அதுல இருக்கற தேதியப் பாருங்க. நவம்பர் பதினாறு. அன்னிக்கி மழை வெள்ளத்துல இந்த வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நிஷாவ தையல் மெஷின் மேல உக்கார வச்சிட்டு, அரிசி மூட்டைய நான் ஒருத்தியா பரண்ல ஏத்தினேன். நீங்க மார்ச்சுல வந்தீங்க. ஊர்ல மாட்டிக்கிட்டவங்கள எல்லாம் போயி இழுத்தீங்களே, எனக்கு யாரு வந்தா?"

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். நிஷா தானாக ஒன்றும் வளரவில்லை. நான்தான் வளர்த்தேன்.

அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டார். அதிகப்படியானதைக் குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மூன்று மாதம் அந்த அறைப் பக்கமே நான் போகவில்லை. என் கோபம் ஊறுகாய் மாதிரி, நாளானாலும் கெடாது. உள்ளே அரம் ராவுகிற சத்தம் கேட்கும். பழைய கார் வைப்பர் மோட்டார் நான்கைந்தும் புது ரப்பர் ஷீட்டும் வந்து இறங்கின. நான் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்றே நாட்கள் போயின.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, "பாலாத்துக்குப் போயிட்டு வரலாம், வா" என்றார். ஸ்கூட்டரில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. முந்தின வாரம் மழை பெய்து ஆற்றில் மணலும் சேறுமாகக் கிடந்தது. முதல் பையிலிருந்து பச்சை வண்டியை எடுத்து வைத்தார். பிறகு இரண்டாவது பையைத் திறந்தார். அதிலும் ஒரு பச்சை வண்டி. டிரைவர் ஓட்டை மட்டும் வலதுபக்கம் இருந்தது. வாசலில் ஜோடியாகக் கழற்றிவிட்ட செருப்பு மாதிரி இரண்டும் மணலில் நின்றன.

"இழுக்கற வண்டின்னா மாட்டிக்கறதுக்கு இன்னொண்ணு வேணுமில்ல? இது இடது கால். உன்னுது" என்று ஒரு ரிமோட்டை என் கையில் வைத்தார்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், திட்டாமல் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன். என் வண்டி பத்தடி நன்றாக ஓடி, நேராகப் போய்ச் சேற்றில் இறங்கிவிட்டது. நான் வெட்டிய எழுபத்தொன்பது ஜோடியும் சேற்றை வாரி இறைத்ததுதான் மிச்சம், அது நகரவில்லை. கையால் தூக்கிவிடலாம் என்று குனிந்தேன்.

"தொடாத! மாட்டிக்கிட்டவங்க கூப்பிடணும். எங்க இருக்கோம், எவ்ளோ ஆழம், கூட யாரு, எல்லாம் சொல்லணும். அப்பதான் நாங்க கிளம்புவோம்."

விளையாட்டுக்குத்தான் ரிமோட்டைக் காதில் வைத்தேன். "ஹலோ, பாக்யலட்சுமி பேசறேன். ஆம்பூர்ல இருந்து." அதற்குமேல் வந்தது நான் யோசித்துச் சொன்னதில்லை. "வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. புள்ள மெஷின் மேல உக்காந்திருக்கா. கூட யாரும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"வர்றேன்" என்றார்.

அவருடைய வண்டி மெதுவாக வந்து, சேற்றுக்கு முன்னால் திரும்பி நின்று, இழுக்கும்போது சறுக்காமல் இருக்கப் பின்பக்கத் தகட்டை மணலில் ஊன்றியது. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு சேற்றில் மண்டியிட்டு அவரே கயிற்றின் கொக்கியை என் வண்டியில் மாட்டினார். உள்ளே மோட்டார் முனகியது. முதல் இழுப்பில் தகடு வழுக்கியது. இன்னும் ஆழமாக ஊன்றி மறுபடி இழுத்தார். என் வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து காய்ந்த மணலில் ஏறியது.

"லேட்டாயிடுச்சு பாக்யா" என்றார், குனிந்து கொக்கியைக் கழற்றியபடியே.

"ஜாஸ்தி லேட்டு" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. மனசு மட்டும் லேசாக இருந்தது.

அவர் தன் வண்டியின் பட்டையில் அப்பிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குச்சியை முன்னால் தள்ளினேன். என் வண்டி நேராகப் போய் அதே சேற்றில் இறங்கி நின்றது. இந்தத் தடவை தெரிந்தேதான் விட்டேன்.

ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ" என்றேன்.