இருண்ட திரையில் அடித்த பேனர்

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே தட்டச்சு வகுப்பு நடத்திவந்த கரீமா, 1988இல் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். அந்த வட்டாரத்தில் தமிழ் காட்டும் கம்ப்யூட்டர் அது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டரை இயக்கும் டாஸ் புரோகிராமின் புதிய பதிப்பை அதில் ஏற்றினாள். மறுநாள் காலை தமிழ் புரோகிராமைத் திறந்ததும் திரை கறுத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து லோரி ஓட்டும் ரெங்கசாமி வந்து நின்றார்.

"தங்கச்சி, எம்மக புஷ்பவள்ளி நர்ஸ் படிப்ப முடிச்சிட்டு நாலு மணி பஸ்ல வர்றா. எங்க எஸ்டேட்டுலயே அவதான் மொத நர்ஸ். லயத்து வீட்டு வரிச முன்னால கட்ட பெரிய பேனர் ஒண்ணு வேணும்லா."

"இருங்கண்ணே, இது காலையிலேருந்து மொரண்டு பிடிக்குது."

கரீமா வயரைக் கழற்றி மாட்டினாள். மூடியைத் திறந்து, திரைக்கான கார்டை உருவி, ரப்பரால் தேய்த்துச் செருகினாள். ஆங்கிலம் தெளிவாக வந்தது; தமிழுக்குப் போனால் மட்டும் இருட்டு. அப்படியானால் கார்டில் பழுதில்லை. திரையில் தமிழை வரைய அந்தப் பழைய கார்டுக்கு ஒரு டிரைவர் ஃபைல் வேண்டும். டாஸ் மாற்றியபோது அதுதான் அழிந்திருக்கவேண்டும். அது இருக்கும் டிஸ்க்கோ கிள்ளான் நகரில், கம்ப்யூட்டரை விற்றவரிடம். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறக்கமாட்டார்.

ரெங்கசாமியின் முகம் வாடிப்போனது. கரீமா பிரின்டரைப் பார்த்தாள்.

"அண்ணே, திரைதான் தெரியல. மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பாக்காமலே அடிச்சுப் பாக்குறேன்."

விசைகள் தமிழ்த் தட்டச்சில் உள்ளபடியே இருந்தன. பன்னிரண்டு வருடமாக விசையைப் பார்க்காமல் அடிக்கச் சொல்லிக்கொடுப்பவள் அவள். மடமடவென்று அடித்து, அச்சிடும் விசையை அழுத்தினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பிரின்டர் கர்ரென்று இரைந்து தாளைத் தள்ளியது. மடிப்பு மடிப்பாக, பெரிய பெரிய எழுத்துகள்.

"அல்லா! வந்துருச்சு!" என்று கத்தினாள்.

ரெங்கசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார். "நர்ஸ் புஷ்பவல்லி... ஐயோ தங்கச்சி, 'ள்' எங்கே?"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டாம் தடவை பெயர் சரியாக வந்தது, எட்டடி நீளம். பேனரைக் கட்டிக்கொடுக்க, கரீமாவும் கடையைப் பூட்டிவிட்டு லோரியில் ஏறிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவந்த புஷ்பவள்ளி லயத்து முன்னால் தொங்கிய பேனரைக் கண்டு பெட்டியைக் கீழே வைத்தாள். அம்மா சின்னத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். வேலை வாங்கும் எஸ்டேட் மண்டோர்கூடக் கைதட்டினார்.

செவ்வாய்க்கிழமை டிஸ்க் வந்து சேர்ந்தது. டிரைவரை ஏற்றி, கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் ஃபைலில் அதற்கு ஒரு வரி சேர்த்ததும் திரையில் தமிழ் பளிச்சென்று எழும்பியது. வகுப்புப் பெண்கள் தட்டச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். தன் பெயரைத் திரையில் பார்த்தால்தான் ஆயிற்று என்று ஒவ்வொருத்தியும் நின்றாள். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை.