வாழைமரம் கட்டிய ஃபோர்க்லிஃப்ட்

ஆயுத பூஜை முடிந்து மூன்று நாளாகியும் அத்திபெலே குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டுக்குக் கட்டிய வாழைமரங்களை யாரும் அவிழ்க்கவில்லை. தானாகக் காய்வதற்குள் அவிழ்த்தால் தொழிலுக்கு ஆகாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நாகேஷ் இலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல அதை ஓட்டி வந்தான். லாரியிலிருந்து கடைசி டைல்ஸ் பெட்டியை இறக்கிவிட்டு நின்ற பெருமாள்சாமியின் இடது கால் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரம் ஏறிவிட்டது.

அறுபத்திரண்டு வயதுக் கிழவர் போட்ட கெட்ட வார்த்தையில், தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்தான்.

சூப்பர்வைசர் லாயிட் ஓடி வந்தான். "ஆட்டோ வருது பெருமாளு. ஆஸ்பத்திரில கேட்டா, வீட்டு பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடு."

"எங்க வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழ எடம் ஏது சாரு? நின்னுதான் ஆவணும்."

போன வருடம் இங்கே முதுகு உடைந்த மஞ்சுநாத்தும் கம்பெனிக் கணக்கில் வீட்டு மாடிப்படியில்தான் விழுந்தான். அவன் குடியிருந்தது ஓட்டு வீடு. வைத்தியம் சொந்தச் செலவு, வேலையும் போயிற்று.

பெருமாள்சாமி நகர்ந்து போய் லாரியின் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். "முதல்ல ஆக்சிடெண்ட் புக்குல எழுதுங்க."

"ரத்தம் போவுதுய்யா!"

"என் ரத்தந்தானே. நீங்க எழுதுங்க."

"எனக்கு ஓசூர்ல லோடு இருக்கு, எழுதித் தொலைங்களேன்!" என்று கத்தினான் டிரைவர்.

லாயிட் எழுதினான். பெருமாள்சாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆளை நம்பவும் தெரியாது. பில் போடும் மமதாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"ஒர்க்கர் கேர்லெஸ்ஸா நின்னதாலன்னு இருக்கு தாத்தா."

"நான் நின்ன எடத்துலதான் நின்னேன். வாழைமரந்தான் வந்துச்சு. அத எழுதுங்க."

"ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்கய்யா" என்றான் லாயிட்.

"சிரிக்கட்டும். அழற வேலைய நான் பாத்துக்கறேன்."

நாகேஷ் வாயைத் திறந்தான். "நெசந்தான் சார். எனக்கு முன்னால ஒண்ணுமே தெரியல. முதலாளிதானே அவுக்காதன்னாரு."

"முதலாளி பேர நான் எப்படிடா எழுதறது?"

"பேனாவாலதான்" என்றார் பெருமாள்சாமி.

எழுதினான். மமதா இரண்டு தடவை படித்தாள். பெருமாள்சாமி கைநாட்டு வைத்தார். அதோடு விடவில்லை. "இந்தப் பக்கத்த என் போன்ல போட்டோ புடிச்சு, மர்பி டவுன்ல இருக்கற என் மக அனுஷாவுக்கு அனுப்பு."

"அனுப்பிட்டேன் தாத்தா."

"பாத்துட்டாளா?"

"பாத்துட்டாங்க. பதறிட்டாங்க போல, உடனே போன் பண்றாங்க."

"அப்புறம் பேசிக்கறேன்." கிழவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்ப தூக்குங்கடா. மெதுவா, கம்மனாட்டிங்களா!"