தொடவிடாத டில்லர்

நிறுத்த வேண்டும் என்று தோன்றியதும் மாப்பிள்ளை வலது காலைத் தூக்கினார். தையல்காரர். காலை எடுத்தால் மெஷின் நிற்கும் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்த ஒரே சட்டம். ஆனால் இது மாமனார் தோட்டம் உழும் பெட்ரோல் டில்லர். கைப்பிடியோடு சேர்த்து அழுத்தியிருக்கும் லீவரை விட்டால்தான் நிற்கும். பயத்தில் அவர் அதை இன்னும் இறுக்கினார். நொண்டியடித்தவரை அது பாத்தியைத் தாண்டித் துணிக்கொடிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. கொடியில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் நுனியைக் கத்திகள் கவ்வின. சட்டை முழுசாகச் சுருண்டு உள்ளே போனது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட மாமனாருக்குப் போட்டுவிட, மாமியார் அலசிக் காயப்போட்ட சட்டை அது.

"கிளட்ச்ச விடுங்க மாமா! கிளட்ச்!" பின்வாசல் படியிலிருந்து மைத்துனன் கத்தினான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன். அவன் இடது கால் இன்னும் படியை மிதித்துக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சுடா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

யாரும் இவரைக் கூப்பிடவில்லை. நேற்று மாமனார் பாத்தியில் பாதியை உழுதுவிட்டு, மீதி நாளைக்கு என்று படுக்கப் போனவர். "பாதியில விட்டா அவருக்குப் பொறுக்காது" என்று மாமியார் பொதுவாகச் சொன்னதற்கு இவர்தான் துள்ளி எழுந்தார்.

காரணம் வேறு. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் டில்லரில் இவரைக் கை வைக்க விட்டதில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டும்போதும், எஞ்சின் ஆயில் அளக்கும் குச்சியை இழுத்துப் பார்க்கும்போதும் இவர் பக்கத்தில் நின்று பழந்துணி பிடிக்கலாம், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனால், "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை." பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டருக்கு மட்டும் இரவல் போகும். என்னைப் பற்றி என்னதான் நினைத்தார்? இனி யாரிடம் கேட்பது?

குத்தவைத்து உட்கார்ந்து, எஞ்சின் மறுபடி கிளம்பிவிடாதபடி முதலில் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கினார். பார்த்தே கற்றது அது ஒன்றுதான். பிறகு கத்திகளுக்கு நடுவே கத்தரிக்கோலை விட்டுச் சட்டையை விடுவிக்கத் தொடங்கினார்.

"உங்கப்பா என்னை ஏன்டா இதத் தொடவே விடல?"

"அப்பாவப் பத்தித் தெரியாதா மாமா? அவரு அப்படித்தான்."

மனைவி எட்டிப் பார்த்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "அப்பாவுக்கு உங்க மேல ரொம்ப மரியாதைங்க."

"ஹெட்மாஸ்டர் மேல இல்லையா?"

"இப்ப இதுதான் முக்கியமா?" போய்விட்டாள்.

மாமியார் சட்டையைத் தேடி வந்தார். பெயிலான பையன் மார்க்கைக் காட்டுவதுபோல் இவர் நீட்டினார். அவர் விரித்துப் பிடித்தார். முதுகு வழியாக வானம் தெரிந்தது.

"முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமியார். "படுத்துட்டுத்தானே இருக்கப்போறாரு. முதுகை யாரு பாக்கப்போறா?"

சிரிப்பை அடக்கியதில் இருவர் வாயும் ஒரே நேரத்தில் கோணியது. இருவரும் அவசரமாகச் சட்டையைப் பார்த்தார்கள்.

"அத்தை, மாமாவுக்கு என்னைப் பிடிக்காதா?"

"மொதல்ல பிடிக்கல" என்றார் மாமியார், சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி. "தையல்காரனான்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தாரு. இதத் தொட விடாதது அதுக்கில்ல. நீங்க பக்கத்துல வந்து நின்னாலே அவருக்கு நடுக்கம். 'அந்தப் பையன் விரலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கடி போவேன்'னு உள்ள வந்து என் உயிரை வாங்குவாரு."

மாப்பிள்ளை கத்தரிக்கோலை டில்லர் மேல் வைத்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க. சட்டை போட்டுவிடணும், என்னால ஒத்தையில தூக்க முடியாது."

அவர் தோட்டத்துக் குழாயைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினார். சேறு போனது. கிரீஸ் போனது. தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டே இருந்தது.

மைத்துனன் இறங்கி வந்து குழாயை மூடினான்.