படம் இரண்டில் சிரிப்பவன்

கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் ஆளை அடையாளம் தெரியாது என்று மருத்துவ இதழ்க்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நோயாளிகளின் படங்களை அனுப்புகிறார்கள். நாங்களும் ஓரம் வெட்டி, அளவு பார்த்து, கீழே 'படம் 1', 'படம் 2' என்று எழுதிப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். அன்று காலை என் திரைக்கு வந்த படம் இரண்டில், பட்டைக்குக் கீழே, முன்பல் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி நின்றது. ஆஸ்பத்திரியில் போட்டோ எடுக்கும்போதாவது வாயை மூடுடா என்றால் கேட்கிற ஜென்மமா? சிரித்துக்கொண்டிருந்தான், என் தம்பி.

அவன் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

பல்லை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று கட்டுரையை மேலே போய்ப் படித்தேன். இருபத்தாறு வயது ஆண். லிஃப்ட் மெக்கானிக். முகம், கை, கால் தசைகள் சொல்பேச்சு கேட்காமல் போகும் அபூர்வ நோய். தன்னால் விசிலடிக்க முடியவில்லை என்பதைத்தான் நோயாளி முதலில் கவனித்தார். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? தெருவில் நின்று விட்டுவிட்டு மூன்று வெட்டு விசில் அடிப்பான், மாடியிலிருந்து நான் சாவியைப் போட வேண்டும். ஒருநாள் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்துவிட்டு வெறும் காற்றுதான் வருகிறது என்று படியேறி வந்து சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் ஆபீஸ் வேலை வெளியாருக்குச் சட்டென்று புரியாது. எங்கெங்கோ இருக்கிற ஆராய்ச்சி இதழ்கள் கட்டுரைகளை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் மொழியைத் திருத்தி, மேற்கோள்களைச் சரிபார்த்து, பக்கம் கோத்துத் திருப்பி அனுப்புவோம். அனுப்பிய பிறகு அது பூட்டுக்குப் பின்னால் போய்விடும். நானே கோத்த பக்கத்தை நான் மறுபடி பார்க்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். "எழுதுறவனுக்குக் காசு கிடையாது, அது சரியான்னு பரிசோதிச்சுச் சொல்றவனுக்கும் கிடையாது. படிக்கிறவன் மட்டும் அழணும். என்ன வியாபாரம்பா இது!" என்பார் எங்கள் குழுத் தலைவர். யார் என்ன எழுதினாலும் அதில் ஒரு கமா குறைகிறது என்று கண்டுபிடிப்பதால் அவருக்குக் கமா சார் என்று பெயர். அவர் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்தப் பூட்டு எனக்கு வெறும் வேடிக்கை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளை மாத்திரையைப் புதிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தம்பி எழுந்தான், வேலைக்குப் போனான், விசிலும் திரும்பி வந்தது. சில மாதங்கள் கழித்துக் கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தால், காத்திருங்கள் என்று சொல்லி ஒரு இசையை ஓட விட்டார்கள். கடைசியில் எங்கள் தெருமுனை கிளினிக் டாக்டரிடம் போனோம். நல்ல மனுஷன். மாத்திரையின் பெயரைத் தட்டித் தேடினார். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கம் மட்டும் திறந்தது. பெரும்பாலானோர் இந்த மருந்தைத் தாங்குகிறார்கள், தாங்காதவர்களின் விவரம் அட்டவணை மூன்றில் என்று இருந்தது. அட்டவணை மூன்றுக்கு முன்னால் ஒரு பூட்டுப் படமும் ஒரு விலையும் நின்றன. அவருடைய கார்டைப் போட்டுப் பார்த்தார், அது வாங்கிக்கொள்ளவில்லை. "சாதாரண மஞ்சக்காமாலையாத்தான் இருக்கும். மாத்திரையை நிறுத்த வேணாம்" என்றார். நிறுத்தவில்லை. அவ்வளவுதான் கதை. அந்த அட்டவணை மூன்றை நானே கோத்து அனுப்பியிருப்பேனோ என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவே இல்லை.

இப்போது அவன் என் திரையில் நிகழ்காலத்தில் இருந்தான். உதவி இல்லாமல் நடக்கிறார். மாடிப்படி ஏறுகிறார். பிறகு கட்டுரையின் கடைசிப் பத்தி வந்தது. 'அண்மையில் தொலைபேசியில் தொடர்புகொண்டபோது, நோயாளி பக்கவிளைவு ஏதுமின்றி நலமாக வேலைக்குச் சென்றுவருவதாகத் தாயார் தெரிவித்தார்.'

தாயார்.

எழுந்து வெளியே வந்தேன். யாரும் அழுத்தாமலே லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே ஆள் இல்லை. "வேலை இல்லாதப்போ அது ஒரு மாடியில வந்து காத்துக்கிட்டு நிக்கும்க்கா, அப்படித்தான் வச்சிருப்போம். பயந்து செத்துடாதே" என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். காரணம் தெரிந்தும் நான் அதில் ஏறவில்லை. படி வழியாகவே இறங்கினேன்.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜின் மேல் தம்பியின் போன் வழக்கம்போலச் சார்ஜில் கிடந்தது, மேலே ஒரு கைக்குட்டை போர்த்தி. அந்த எண்ணை எடுத்துவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அம்மா அசையவில்லை.

"அம்மா, சின்னவனைக் கேட்டு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வருதா?"

"எப்பவாவது வரும்."

"அவங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சுன்னு என்கிட்ட சொன்னியே. என்ன சொன்னே?"

"நல்லா இருக்கான்னு சொன்னேன்." துணி மடிப்பது நிற்கவில்லை.

"உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா? விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த போனின் மணி அவனுடைய விசில். நோய் விட்ட சந்தோஷத்தில் அவனே பதிவு செய்து வைத்தது. யாராவது கூப்பிட்டால் எங்கள் வீட்டுக்குள் அவன் மூன்று வெட்டு விசில் அடிப்பான். ஒர்க் ஷாப் பையன்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் கூடக் கைவிட்டுவிட்டார்கள். விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி மட்டும்தான்.

"கேக்கணும்னா உன் போன்லேருந்து நீயே அடிச்சுக் கேட்டுக்க வேண்டியதுதானே?"

"நான் அடிச்சா அது நான் அடிச்சதுதான். அவனைத் தேடி யாராவது கூப்பிடணும்டி."

கோபத்தில் வந்தவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவன் நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான் என்று போட்டிருக்கிறது என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அச்சுலயா வருது?"

"ஆமா. நீ சொன்னதை நம்பி."

"அங்கயாவது இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல. இதைப் படிச்சிட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பாங்க. அவனுக்குக் கண்ணு மஞ்சளாகும். டாக்டர் தேடிப் பார்த்தா, நம்ம சின்னவன் ஜம்முன்னு இருக்கான்னு போட்டிருக்கும். மாத்திரையை நிறுத்த வேணாம்பாரு. அந்த அம்மாவுக்கு நீ என்ன பதில் சொல்வே?"

அம்மா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அது அவனுடைய சட்டை. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. வாக்கியத்தைத் தொடலாம், விஷயத்தைத் தொடக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் எண் போட்டு, எழுதியவருக்கு ஒரு கேள்வி வைக்கலாம். மேற்கோள் பதினான்கு பட்டியலில் இல்லையே, இந்த எண் கிராமா மில்லிகிராமா, இப்படி. அதற்கு மேல் வாய் திறந்தால் வேலை போகும். ஆறாவது கேள்வியாக நான் எழுதினேன்: 'அச்சுக்குப் போகுமுன் நோயாளியின் இன்றைய நிலையை மறுபடி அவரிடமே கேட்டு உறுதிசெய்யவும்.'

கமா சார் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"ஆறாவது கேள்வி நம்ம வேலையா? அவங்க டாக்டர். நாம யாரு கேக்க?"

"படம் ரெண்டு என் தம்பி சார்."

அவன் காரியத்துக்கு வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனவர் அவர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டைக்குக் கீழே அந்தச் சிரிப்பு.

"முன் பக்கத்துல ஒரு கமா விட்டிருக்கே. அதைப் போட்டுட்டு அனுப்பு" என்றார். கேள்வியை அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். குக்கர் விசிலடித்தால் கூடத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு விடுமுறை நாள் காலை, நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜின் மேலிருந்து அவன் விசிலடித்தான்.

மூன்று வெட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று. சாவியைப் போடுக்கா என்கிற அதே அவசரம். என் கை தன்னால் ஆணியில் தொங்கிய சாவிக்குப் போனது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"நீதான் கூப்பிட வச்சியா?"

நான் தலையாட்டினேன். விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப் போகிற நேரத்தில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன். தம்பி எப்படி இருக்காரு? அவர்கிட்டயே ஒரு வார்த்தை பேசணுமே." பெண் குரல், அன்பான குரல். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். "வேலைக்குக் கிளம்பிட்டாராம்மா?"

எவ்வளவு சுலபமாகப் பதிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்! ஆமாம் என்று ஒரு சொல் போதும். அம்மா ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். அவன் செத்துட்டான்."

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காரியத்தன்று கூட அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க, அம்மா மஞ்சள் கண்ணையும், கிளினிக்கையும், பூட்டையும், தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

"உள்ளதை எழுதிடுங்க டாக்டர். ஆனா பூட்டி வைக்காதீங்க" என்றாள் அம்மா. "எங்க தெருமுனை டாக்டர் கூடக் காசு இல்லாம படிக்கணும்."

"இதழ்லயே திறந்து போடணும்னா என்கிட்ட பெரிய தொகை கேக்கிறாங்கம்மா. என்னால முடியாது. ஆனா என்னோட கையெழுத்துப் பிரதியைப் பொதுத் தளத்துல போட எனக்கு உரிமை இருக்கு. முகத்தைச் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். போடறேன்."

"சரிம்மா." அம்மா கொஞ்சம் தயங்கினாள். "இனிமே கூப்பிட மாட்டீங்கல்ல?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்க நியாயமில்லை. "இல்லம்மா. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

அம்மா போனைச் சார்ஜில் போட்டு, கைக்குட்டையைப் போர்த்திவிட்டு, மீதித் துணியைக் காயப்போடப் போனாள்.

திருத்தங்கள் ஆபீசுக்கு வந்தன. ஆறாவது கேள்விக்கு எதிரே டாக்டர் எழுதியிருந்தார், கேட்டதற்கு நன்றி என்று. தலைப்பிலிருந்த 'வெற்றிகரமான' என்ற சொல்லை அடித்திருந்தார். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு வேறு வாக்கியம் கொடுத்திருந்தார். கோப்பு யாருடையதோ அவர்தான் திருத்தத்தையும் ஏற்ற வேண்டும்.

"வேற யாருக்காவது மாத்தி விடட்டுமா?" என்று கமா சார் கேட்டார்.

"வேணாம் சார். நானே செய்றேன்."

நடக்கிறார் என்பதை நடந்தார் ஆக்கினேன். ஏறுகிறார் என்பதை ஏறினார் ஆக்கினேன். அம்மா சொன்ன வாக்கியத்தை முழுதாகத் தேர்ந்து அழித்தேன். அந்த இடத்தில் டாக்டர் கொடுத்ததைத் தட்டினேன்: 'சிகிச்சை தொடங்கிய பதினோராம் மாதத்தில் கல்லீரல் செயலிழந்து நோயாளி இறந்தார். கண் மஞ்சளானால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும்.' 'இறந்தார்' என்பதை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். படம் இரண்டை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மதியத்துக்குள் டாக்டரின் பிரதி பொதுத் தளத்தில் வந்துவிட்டது. என் போனில் திறந்து பார்த்தேன். பூட்டு இல்லை, விலை இல்லை, கடைசி வரி வரை ஓடியது. அந்த இணைப்பை முதலில் தெருமுனை டாக்டருக்குத்தான் அனுப்பினேன், அம்மா சொல்லி வைத்திருந்தபடி.

பிறகு லிஃப்ட் பக்கம் வந்து நின்றேன். போனில் அவன் பெயர் இன்னும் 'எருமை' என்றுதான் இருக்கிறது. அவன் போன பிறகு அந்த எண்ணுக்கு நான் ஒரு முறை கூட அடித்ததில்லை. அம்மாவுக்காக அடிக்கிறேன் என்றுதான் அழுத்தினேன். முதல் மணி போகும்போதே அது பொய் என்று தெரிந்துவிட்டது. நான் அவனைத் தேடித்தான் அடித்தேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே, ஃபிரிட்ஜின் மேல், கைக்குட்டைக்கு அடியில் அவன் சாவி கேட்டுக்கொண்டிருப்பான். அம்மா பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். மணி தானாக அடித்து ஓயும் வரை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் விசில் நின்றுவிடும் அல்லவா.