அஃப்ஷான் சிரிக்கவைத்தாள்

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பகல் பொழுதுக்கு மட்டும் அறை எடுத்திருந்தோம். அஃப்ஷான் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அவளுக்காக ஒரு நாள் சேருவோம். யாரும் அழக் கூடாது. அவ அடிச்ச கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கணும்" என்று உமா மகேஸ்வரி வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள். எதையும் முன்னால் நின்று நடத்துகிற ஆள். நான் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் இல்லையென்று முந்தின நாள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் கேள்வி வரும். போனேன்.

பரோட்டாவையும் சால்னாவையும் நடுவில் வைத்துக்கொண்டு உமாதான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அந்தத் தவளைய மறந்துட்டீங்களா?"

யாராலும் மறக்க முடியாது. எங்கள் வகுப்பில் அஃப்ஷானைத் தவிர யாருக்கும் படம் வராது. தவளையின் ஜீரண மண்டலத்தை முப்பது பேருடைய ரெக்கார்டு நோட்டிலும் அவளே வரைந்து கொடுத்தாள். குடல், இரைப்பை, கல்லீரல் எல்லாம் புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு தவளைக்கும் நோட்டுக்காரியின் முகத்தை வைத்துவிட்டாள். உமாவின் தவளைக்குக் கன்னம் உப்பியிருந்தது. ஜெனியின் தவளைக்கு நெற்றி நிறையப் பவுடர். என்னுடையது வயிறு கிழிந்து மல்லாந்து கிடந்தும், வீட்டுப்பாடம் முடிக்காததைப் போலக் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சயின்ஸ் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தவளைக்கு ஏன் முத்துசெல்வி ஜாடை இருக்கு?" என்று கேட்டார். அஃப்ஷான் எழுந்து நின்று, "சொந்தமா இருக்கும் டீச்சர்" என்றாள். அடிக்கக் கம்பை எடுத்த டீச்சர், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஜெனி அந்தக் கட்டுரையைச் சொன்னாள். தென்காசிப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைச் சுற்றுலா என்று சொல்லி, ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இதே குற்றாலத்துக்குக் கூட்டிவந்தார்கள். 'நாங்கள் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையில் அஃப்ஷான் எழுதினாள்: 'நெடுந்தூரம் பயணம் செய்து பதினைந்தாவது நிமிடம் குற்றாலத்தை அடைந்தோம். பயணக் களைப்பு நீங்கச் சிறிது ஓய்வெடுத்தோம். ஊர் நினைவு வாட்டியது.'

எல்லாரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்துவைத்திருந்தேன்.

"நீ சொல்லுட்டி முத்து. நீதானே அவ கூடவே கிடந்தவ" என்றாள் உமா.

என்னிடம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் முடிந்து, கல்யாணம் ஆகி, அஃப்ஷான் தென்காசியிலேயே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் முஃபீத் செல்போன் கடை வைத்திருந்தார். அவள் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டாள். கடையநல்லூர், செங்கோட்டையிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். உள்ளங்கைப் பூவுக்குள் மாப்பிள்ளையின் பைக்கை ஒளித்து வரைந்துவிட்டு, கண்டுபிடிக்கும்வரை பெண்ணை விட மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரம்ஜான் கழிந்த மறுவாரம், என் டூட்டி முடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸ் ரூம் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி முத்து, எனக்கு இங்கன ஒரு நெல்லிக்கா காய்ச்சிருக்கு. ஊறுகா போடலாமா பாரு."

இடது மார்பைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அசையவில்லை.

"வலிக்கா?"

"வலிக்கல. அதுபாட்டுக்கு இருக்கு. வாடகையும் தர மாட்டேங்கு, காலியும் பண்ண மாட்டேங்கு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, "நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும்" என்றேன்.

"பதினோரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்ட்டி. அது முடியட்டும். இல்லன்னா பதினோரு மாப்பிள்ளையும் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"சரி, முடிச்சிட்டு வா" என்றேன்.

அப்போது எனக்குப் பதினாறு வருஷ அனுபவம். வலிக்காத, அசையாத கட்டி என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் காலெல்லாம் வீங்கியிருந்தது. அடுத்த பஸ்ஸை விட்டால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அவள் சிரிக்கவைத்ததால் எனக்கு விட்டுவிட வசதியாக இருந்தது. பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்தாள். நானும் கேட்டுவிட்டேன் என்ற நிம்மதியில் போனை வைத்தேன்.

கார்த்திகையில்தான் வந்தாள். அதற்குள் நெஞ்செலும்புவரை பரவியிருந்தது.

திருநெல்வேலியில் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, புருவமும் போயிற்று. அவள் கண் மை பென்சிலால் தினமும் புதுப் புருவம் வரைந்துகொண்டாள். டாக்டர் வருகிற நாளில் கோபப் புருவம். மாமியார் வந்தால் பணிவான புருவம். சாப்பாடு பிடிக்காத அன்றைக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே. வார்டில் இருந்த மற்ற பெண்களுக்கும் வரைந்துவிட்டாள். மருந்து ஏறுகிற கையோடு அவள் வரைவதைப் பார்க்க நர்ஸுகள் வருவார்களாம். முஃபீத் அண்ணன் சொல்லிச் சொல்லி அழுவார்.

இந்த மாசியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போனபோது புருவம் இல்லாமல் படுத்திருந்தாள். பென்சில் பக்கத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னேன்.

"அஃப்ஷான், அன்னைக்கு நான் உன்ன விட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் தெரியும். நீ தொட்டதும் உன் மூஞ்சி மாறுச்சு. நீ ரெண்டு அறை அறைஞ்சு கூட்டிட்டுப் போவன்னு நெனச்சேன்."

"எம்மேல கோவம் உண்டுமா?"

"உண்டு" என்றாள். வேடிக்கை எதுவும் சேர்க்காமல் அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றுதான். "இப்பம் பேச முடியல. நாளைக்கு வா. திட்டுதேன், வாங்கிக்கோ."

மறுநாள் என்னால் போக முடியவில்லை. ஒரு நர்ஸ் வரவில்லை, அந்த ஷிப்டுக்கும் என்னை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் போனேன். நினைவில்லை அவளுக்கு. சாயங்காலம் முடிந்துவிட்டது.

இதை அந்த அறையில் சொல்லி முடித்தபோது பரோட்டா ஆறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிதான் முதலில் பேசினாள். "நீ நர்ஸுல்லா முத்து?"

"ஆமா."

"எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. உனக்குமா தெரியாது?"

"தெரியும்னுதானே சொல்லுதேன்."

ஜெனி எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். உமா அழுதாள். எதற்கு அழுதாள் என்று முதலில் புரியவில்லை. "எங்கிட்ட அவ சொல்லவே இல்லியேட்டி" என்று சொன்ன பிறகு புரிந்தது. யாரும் அருவிக்குப் போகவில்லை. நாலு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். யாரும் என்னைத் தொட்டுப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஜெனி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் நாப்பது தாண்டிருச்சு. என்ன டெஸ்ட் எடுக்கணுமோ எடு" என்றாள். எடுத்தோம். பயப்பட ஒன்றும் இல்லை. போகும்போது, "அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேன்" என்றாள். தப்பு என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மற்றவர்களுக்குப் போன் பண்ண ஆரம்பித்தேன். இரண்டு பேர் வந்தார்கள். உமா மட்டும் இழுத்தடித்தாள்.

"ஆடித் தள்ளுபடி போட்டிருக்கேன்ட்டி. கடைய விட்டுட்டு வந்தா, பாதிச் சேலை தானா நடந்து போயிரும்."

நான் சிரிக்கவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, சுரண்டைக்கு பஸ் ஏறினேன். கடைக்குள் போய் அவள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள்.

"போய்ட்டு வந்து கடைய பாரு. நீ எந்திரிக்காம நான் போக மாட்டேன்."

திட்டிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் வழி முழுவதும் திட்டினாள். ஸ்கேன் அறைக்குள் அவளை அனுப்பிவிட்டு, வெளியே நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. எப்போது கண் மூடியதென்று தெரியவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். உமா கையில் கவரோடு நின்றாள்.

"ஒண்ணும் இல்லியாம்" என்றாள். "வாயத் திறந்துக்கிட்டு தூங்குத. எழுப்ப மனசு வரல. அரை மணி நேரமா இங்கனயே நிக்கேன்."