சரோஜம்மாளிடம் சொல்லாத வேலை

"பாய், ராக்கெட்டு கீக்கெட்டுன்னு கல்லுல போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க. தொழிலதிபர், சமூக சேவகர். இது போதும்" என்றார் மூர்த்தி. அவர் ஓசூர் சிறுதொழில் சங்கத்தின் செயலாளர்.

எதிரே உட்கார்ந்திருந்த ஷேக் தாவூதுக்கு எரிச்சல் மண்டியது. நாராயணப்பன் இறந்து வருடம் திரும்பப் போகிறது. சங்கக் கட்டடத்து வாசலில் அவர் பெயரில் ஒரு கல் வைக்கிறார்கள். அந்தக் கல்லில் அவர் செய்த வேலையைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும் போலிருந்தது.

"சமூக சேவை அவரு எங்கய்யா செஞ்சாரு? சந்தாவே ஒழுங்கா கட்டினதில்ல. இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ராக்கெட்டுக்கு வால்வு செஞ்சு குடுத்த மொத ஆளு அவருதான். அத எழுதுங்க."

"சரி பாய், எழுதறேன். பெங்களூர் ராக்கெட் ஆபீஸ்ல, இது நெசம்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க."

வாங்க முடிந்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை. முந்தின வாரம்தான் பஸ் பிடித்துப் போய், கேட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் காத்துக் கிடந்து வந்திருந்தார். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். காபி வரவழைத்தார், நாராயணப்பனை நினைத்துக் கண் கலங்கினார். ஆனால் பாகம் செய்து கொடுப்பவர்களின் பெயரை வெளியே சொல்ல விதியில்லை என்று கையை விரித்துவிட்டார்.

தாவூதும் நாராயணப்பனும் பெங்களூரில் ஒரே தொழிற்சாலையில் லேத்தில் நின்றவர்கள். எழுபத்தெட்டில் வேலையை உதறிவிட்டு ஓசூரில் ஒரு ஷெட் பிடித்தார்கள். ஸ்கூட்டர் பாகம் செய்தாலே வயிறு நிறைந்திருக்கும். நாராயணப்பனுக்கு அது பற்றவில்லை. "சோப்பு விக்கற மாதிரி ராக்கெட்டையும் ஒருநா தனியார் கம்பெனிங்க விப்பாங்க, தாவூது. அன்னிக்கு நாம வரிசைல முன்னாடி நிக்கணும்" என்பார். டீக்கடையில் இதைச் சொல்லி அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட கிண்டல் கொஞ்சமில்லை. ராக்கெட்டெல்லாம் சர்க்கார் சமாச்சாரம், உனக்கென்ன வேலை என்றார்கள். பிறகு நிஜமாகவே ஆர்டர் வந்தபோது, வெளியே வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கிண்டல் செய்தவர்களிடம் பதில் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

எரிபொருள் குழாயில் பொருத்துகிற வால்வு அது. காற்றை ஏற்றித் தண்ணீருக்குள் முக்கினால் ஒரு குமிழிகூட எழக்கூடாது. முதல் இரண்டு வருடம் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. மூன்றாவது வருடம்தான் ஏற்றுக்கொண்டார்கள். ராக்கெட் மேலே போன செய்தியை ரேடியோவில் கேட்ட அன்று இரண்டு பேரும் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் சிரித்துத் தீர்த்தார்கள்.

கல்லில் மூர்த்தி சொன்னதுதான் ஏறியது. நினைவுக் கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. தாமதமாக வந்தார். குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினார், எப்போதோ செத்துப்போன வேறொரு நாராயணப்பனைப் புகழ்ந்தார், போய்விட்டார். பின்னாலேயே பாதிக் கூட்டம் எழுந்தது. தாவூதை அழைத்தபோது பந்தி ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாராயணப்பன் செஞ்ச வால்வு ராக்கெட்டுல போயிருக்கு..." என்று, நிபந்தனையை ஒதுக்கிவிட்டு, அவர் தொடங்கினார். மூர்த்தி வந்து காதோரம், "பாய், சால்வை போடணும், சீக்கிரம்" என்றார். யாரோ கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று எண்ணி எல்லோரும் தட்டினார்கள். தாவூத் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

அவர் சொன்னதை முழுதாகக் கேட்டது முன்வரிசையில் இருந்த சரோஜம்மாள் ஒருத்திதான். நாராயணப்பனின் மனைவி. கீழே இறங்கியதும் வழிமறித்தாள்.

"பாய், இன்னா சொன்னீங்க? எந்த ராக்கெட்டு?"

தாவூத் திகைத்தார். "அண்ணி... அண்ணன் உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"மோட்டார் பம்புக்கு சாமான் செய்யறோம்னாரு. சாகற வரைக்கும் அதான் சொன்னாரு. எங்கப்பா குடுத்த குருபரப்பள்ளி நெலத்த வித்துத்தான் உங்க மிஷினு வாங்கினது. ரோட்டோர நெலம். இன்னிக்கு அங்க பெட்ரோல் பங்க்கு நிக்குது. பம்புக்கு மரை போடவா எங்கப்பன் பூமியத் தின்னீங்கன்னு நான் அவர கேக்காத நாளில்ல."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன், அண்ணி. அவரு சொன்ன சொல்லு தவற மாட்டாரு."

"நான் வெளியா?"

தன் மனைவி ரஹமத் பீவியிடம் தாவூத் என்றைக்கோ சொல்லிவிட்டிருந்தார். அதை இப்போது எப்படிச் சொல்வது?

"காட்டுங்க" என்றாள் சரோஜம்மாள்.

பந்தியில் உட்காராமலேயே இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். நல்ல வால்வுகள் எல்லாம் போய்விட்டன. அலமாரியில் இருந்தது கழித்துக்கட்டிய ஒன்று. உள்ளங்கையில் அடங்குகிற எஃகுத் துண்டு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று தாவூத் நினைத்தார். அவள் அதை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் நிம்மதியா சோறு தின்னிருப்பாரு. நானும் நிம்மதியா போட்டிருப்பேன். எத்தினி வருஷம் பாய்! ரெண்டு பேரும் வீணா அடிச்சிக்கினோம்."

"தப்புதான், அண்ணி."

"உங்கள சொல்லல. அவர சொல்றேன். திட்டலாம்னா ஆளில்ல."

ஷெட்டில் அவளுடைய பங்கை மருமகன் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தான், அவளும் சரி என்றிருந்தாள். தாவூதுக்கு அது தெரியும். அந்தப் பேச்சை இப்போது எடுத்துவிடுவாளோ என்று பயந்தார். எடுத்தாள்.

"குடோனுக்கு குடுக்கல. அவருக்காக ஒண்ணுமில்ல. என் நெலம் என்னாச்சுன்னு நான் பாக்கணும். திங்கக்கிழமை வரேன்."

சொன்னபடி வந்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். இது எதுக்கு, அது ஏன் சுத்துது, இவன் ஏன் சும்மா நிக்கறான் என்று கேட்டுத் துளைத்தெடுத்தாள். தாவூத் பொறுமையிழந்து கத்தினார். அவளும் வீட்டு மொழியான தெலுங்கில் திருப்பிக் கத்தினாள். ஆனாலும் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார்.

ஆயுத பூஜைக்குத் தாவூத் நாராயணப்பன் படத்தைத் துடைத்து மாலையை எடுத்தபோது, அவள் லேத் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"மிஷினுக்கு போடுங்க பாய். அவருக்கு வேணா. எனக்கு இன்னும் கோவம் தீரல."