ஒரு முழம் உள்ளே

ஜன்னலுக்கு அடியில் ஓடும் விளிம்பு எட்டு மாடிக்கும் ஒரே அளவுதான், ஒரு சாண் அகலம். கட்டடத்தை வரைந்தவளே அவள்தான். அப்படியிருந்தும் ஊரிலுள்ள புறாக்களெல்லாம் பேசிவைத்துக்கொண்டு நான்காம் மாடியில் அக்கா வீட்டு ஜன்னலுக்கே வந்து உட்கார்ந்தால் அவள் என்னதான் செய்வாள்? நேர் மேலே ஐந்தாம் மாடியில் அவள் வீடு. அங்கே ஒரு இறகுகூட விழுவதில்லை. இது என்ன ஓரவஞ்சனை என்று புறாவிடமா கேட்க முடியும்?

விளையாட்டு விஷயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அக்கா வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். டாக்டர் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சோடு உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட்டார். ஒன்று புறா போக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்" என்றாள் அக்கா. "அதுக்குள்ள புறா போகலைன்னா நாங்க வீட்டை மாத்திடறோம். நீ வரைஞ்ச வீடுன்னுதானேடி நம்பி வந்தோம்?"

அந்தக் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் பிறகு பதினாறு வருஷம் ஆளுக்கொரு பக்கம் இருந்துவிட்டு, இப்போதுதான் மேலும் கீழுமாகக் குடிவந்திருந்தார்கள். அக்காவை மறுபடி விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

முதலில் கம்பி முள் வரிசை வைத்தாள். புறாக்கள் முள்ளுக்கு நடுவே குச்சியைச் செருகி, முன்பைவிட உறுதியாகக் கூடு கட்டின. "வீடு கட்டுறவங்களுக்குத் தூண் போட்டுக் குடுத்திருக்கே மச்சினி" என்று மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்து, விளிம்பின் மேல் சரிவாகத் தகடு அடிக்கச் சொன்னாள். நல்ல செங்குத்துச் சரிவு, எறும்புகூட வழுக்கும். மறுநாள் பார்த்தால் நான்கு புறாக்கள் வரிசையாக நிற்கின்றன! எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தகட்டின் கீழ் ஓரம் விரல்கடை உயரத்துக்கு மேல்நோக்கி மடிக்கப்பட்டிருந்தது. அதில் கால் விரலை மாட்டிக்கொண்டு நின்றன.

"இதை யாருங்க மடிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்?" தகரக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "மடிக்காம விட்டா ஜன்னல் துடைக்கிறவன் கை கிழிஞ்சிடும் மேடம். நான் முப்பது வருஷமா மடிச்சிட்டுதான் இருக்கேன். ஒருத்தர் கைகூட கிழிஞ்சதில்லை."

மடிப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்ப வைத்தாள். அப்புறமும் புறாக்கள் போகவில்லை. சறுக்கின, விழுந்தன, மறுபடி ஏறின. கடைசியில் மூலைக்குப் போய்ப் பக்கச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டன.

பக்கச் சுவரா? அவள் பேந்தப் பேந்த விழித்தாள். வேறு எந்த மாடி ஜன்னலுக்கும் பக்கச் சுவர் கிடையாது.

வரைபடத்தை எடுத்து விரித்தாள். மறந்துபோன விஷயம் ஒன்றுமில்லை. மேற்கு வெயில் மாமாவின் கட்டிலில் விழக்கூடாது என்று அக்கா கேட்டதற்காக, அந்த ஒரு ஜன்னலை மட்டும் ஒரு முழம் உள்ளே தள்ளி வரைந்திருந்தாள். தெருவில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்ட ஜன்னல்தான். ஆனால் அதை நிழல் என்றே நினைத்துப் பழகியிருந்தாள். காற்றும் மழையும் படாத, பருந்து கண்ணுக்குத் தெரியாத பொந்து அது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அக்காவுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தது புறாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்காவிடம் சொன்னால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். "அப்போ நான் கேட்டதாலயா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். "ஜன்னலை வெளியே நகர்த்திடலாம்க்கா" என்றாள் இவள்.

ஒரு வாரத்தில் ஜன்னலைப் பெயர்த்து வெளிச் சுவரோடு சுவராக நகர்த்தினார்கள். காலியாக இருந்த கூட்டை எடுத்து, எச்சத்தை நனைத்துக் கழுவிவிட்டார்கள். அதுவரைக்கும் மாமா மேலே இவள் வீட்டில்தான் இருந்தார். அங்கேயும் இருமினார், போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். புறாக்கள் இரண்டு நாள் வந்து வந்து சுவரில் முட்டுகிற மாதிரி பறந்து பார்த்தன. மூன்றாம் நாள் வரவேயில்லை. அவள் சின்னப் பிள்ளை மாதிரி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஓடியது. மாசக் கடைசியும் வந்து போயிற்று. ஒரு காலையில் அவள், தூசிக்குப் பயந்து அதுவரை சாத்தியே வைத்திருந்த ஜன்னலைத் திறந்துவைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே முணுமுணுப்பு இல்லை, சிறகடிப்பு இல்லை. அந்த அமைதியில் மாமாவின் இருமல் முழுசாகக் கேட்டது. அது குறையவேயில்லை. புறா இருந்தவரை அதன் சத்தம் இதில் பாதியை மறைத்திருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கி ஓடினாள். அக்கா வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

"புறாதான் போயிடுச்சேக்கா?"

"போயிடுச்சு."

"அப்புறம் ஏன்..."

"டாக்டர் மறுபடியும் படம் எடுத்தார். புறாவா இருக்காதுன்னு இப்ப சொல்றார். நாளைக்கு நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமாம்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வீடு மாத்தற பேச்சை விட்டுட்டேன். எந்த வீட்டுக்குப் போயி என்ன ஆகப்போகுது?"

அக்கா போகப்போவதில்லை. இவள் ராப்பகலாக வேண்டிக்கொண்டதும் அதைத்தானே? கிடைத்தும் விட்டது. இந்த விதமாகக் கிடைக்க வேண்டும் என்றா வேண்டினாள்?

"நீயும் கூட வர்றியா?" என்றாள் அக்கா. "அவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. உனக்குன்னா புரியும்."

"வரேன்க்கா" என்றாள் அவள். தனக்கும் புரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.